ஆறு புள்ளியில் மூன்று மொழி

என் மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பாடசாலையில் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறாள். நான் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவளை 'டீச்சர்' என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இன்னும் மாறவில்லை. அவள் என்னை 'ஏங்க' என்பாள். கோபம் வந்தால் மட்டும் 'சேர்' என்பாள்.

அவளுடைய அண்ணன் கட்டாரில் வேலை செய்கிறார். லீவில் வந்தபோது தங்கச்சிக்கு ஒரு பிரெயில் திரை கொண்டு வந்தார். திரை என்றாலும் அதில் வெளிச்சமோ படமோ கிடையாது. கீபோர்டைவிடச் சின்னதான ஒரு கறுப்புப் பெட்டி, அதன் முன்னோரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டித் துளைகள். கம்ப்யூட்டரோடு இணைத்தால் அந்தத் துளைகளிலிருந்து ஊசிமுனை மாதிரிப் புள்ளிகள் எழும்பும், அடங்கும். கம்ப்யூட்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அது விரலுக்கு அடியில் பிரெயிலாக ஓடும். அதுவரை அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் காதுதான். குரல் வாசிக்கும், அவள் கேட்பாள். விரலால் வாசிப்பதெல்லாம் தடித்த தாள் புத்தகங்களில் மட்டும்தான், அவையும் அலுமாரியில் இரண்டு தட்டுக்கு மேல் இல்லை.

பெட்டி வந்த அன்று சாயந்தரம் நான் அவளுடைய பெயரைத் தமிழில் தட்டிவிட்டு, தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். முகம் சுருங்கியது.

"ஏங்க, இதுல எழுத்தே இல்ல. வெறும் நம்பரா வருது. ஜெயில்ல ஆளுக்கு ஒரு நம்பர் குடுப்பாங்களே, அது மாதிரி இருக்கு."

கோளாறு பெட்டியில் இல்லை. பிரெயிலில் இருப்பது ஆறே புள்ளி. உலகத்து மொழிகள் எல்லாம் அந்த ஆறுக்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும். தமிழில் 'க' என்று நிற்கும் அதே புள்ளிகள் ஆங்கிலத்தில் 'கே' என்ற எழுத்து. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் அந்த ஒற்றை எழுத்தே 'நொலெஜ்' என்ற முழுச் சொல்லாகிவிடும். ஆகவே எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று சொல்லும் அட்டவணை ஒன்று ஒவ்வொரு மொழிக்கும் வேண்டும். சில மொழிகளுக்கு முழு எழுத்துக்கு ஒன்று, சுருக்கெழுத்துக்கு இன்னொன்று என்று இரண்டு மூன்று இருக்கும். நாங்கள் இறக்கியிருந்த வாசிப்பு மென்பொருளில் அந்த அட்டவணைகள் எல்லாம் ஒரே நீளப் பட்டியலாகக் கிடந்தன. தலையில் இருந்தது ஆபிரிக்கான்ஸ். நாங்கள் எதையும் தெரிவு செய்யாததால் மென்பொருள் அதையே எடுத்துக்கொண்டது. தமிழ் எழுத்தை முன்னே பின்னே கண்டிராத அந்த அட்டவணை, ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் கம்ப்யூட்டர் குறியீட்டு எண்ணைக் கக்கிக்கொண்டிருந்தது.

தமிழைத் தேடிப் போனேன். கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி விரல் வலித்தது. சில பெயர்கள் ஆங்கிலத்தில் ஒழுங்காக இருந்தன. சில வெறும் கோப்புப் பெயர்கள், இரண்டு எழுத்தும் ஒரு கோடும் மட்டும். தமிழ் இரண்டு இடத்தில் கிடந்தது. ஒன்றில் 'தமிழ்' என்று மட்டும், இன்னொன்றில் 'தமிழ், இந்தியா' என்று. நான் வாசித்துச் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"அப்ப நம்மள எதுல சேக்கிறது?"

இலங்கையா இந்தியாவா என்ற இந்தக் கேள்வியை மலையகத் தோட்டத்து எங்கள் ஆட்களிடம் அரசாங்கங்களே பல வருஷம் கேட்டிருக்கின்றன. ஒரு கம்ப்யூட்டர் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு அட்டவணையையும் திறந்து, எழுத்து எழுத்தாகப் போட்டுக் கொடுத்தேன். அவள் தடவிப் பார்த்து, சின்ன வயதில் விடுதிப் பாடசாலையில் தான் படித்த புள்ளிகளோடு ஒப்பிட்டாள். 'அம்மா' என்று எழுதினால் 'ம்' எழுத்தின் மேற்புள்ளி எங்கே வருகிறது என்று பார்த்தாள். தாளில் நாம் அதை எழுத்தின் தலையில் வைக்கிறோம், பிரெயிலில் அது எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டிலும் சரியாகவே இருந்தது. இரண்டும் ஒன்றுதான், யாரோ இரண்டு தடவை பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். அன்றைக்குத் தன் பெயரைத் தானே விரலால் வாசித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தாள்.

அந்தப் பட்டியலை அப்படியே விட்டிருப்போம். சித்திரைப் புதுவருஷ விழாதான் எங்களைக் கிளப்பிவிட்டது.

அவளுடைய ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் பிரிவான மேல் டிவிசனில், லயத்து வரிசை வீடொன்றில்தான் மாமியாரும் மச்சினிச்சியும் இன்னும் இருக்கிறார்கள். வருஷா வருஷம் ஏப்ரலில் தோட்டத்து ஆட்களும் பஜார் ஆட்களும் சேர்ந்து மைதானத்தில் விளையாட்டு விழா நடத்துவார்கள். கயிற்றில் தொங்கும் பணிஸ் ரொட்டியைச் சாப்பிடும் போட்டி, தேங்காய் துருவல், தலையணைச் சண்டை, வழுக்குமரம், கடைசியில் கயிறிழுத்தல். அறிவிப்பாளர் எப்போதும் என் மனைவிதான். தமிழிலும் சிங்களத்திலும் தட்டுத் தடங்கல் இல்லாமல் பேசுவாள், நடுவில் ஆங்கிலமும் வரும். மைக்கைக் கையில் எடுத்தால் மைதானம் அவளுடையது.

முடிவுகளை வாசிப்பதுதான் சிக்கல். நடுவர்கள் துண்டுக் கடுதாசியில் எழுதி அனுப்புவார்கள். நான் பக்கத்தில் நின்று காதில் ஓத வேண்டும். லவுட் ஸ்பீக்கர் அலறும் இடத்தில் ஃபோன் வாசித்துச் சொல்லும் குரல் அவளுக்கு எடுபடாது, அதோடு பேசிக்கொண்டே கேட்பதும் கஷ்டம். முந்தின வருஷம் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னா கையெழுத்து இது, கோழி கிண்டுன மாதிரி" என்று அவள் காதில் முணுமுணுத்தேன். மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். எழுதியவர் நடுவர் மேசையிலிருந்து எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பெட்டி வந்ததும் அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த வருஷம் என் வாய் வேண்டாம். நடுவர் மேசையிலிருந்து முடிவுகளை ஃபோனில் தட்டி எங்கள் லெப்டொப்புக்கு அனுப்பட்டும், தமிழோ சிங்களமோ அவரவர் வசதிப்படி, அவளே விரலால் வாசித்துச் சொல்வாள். சிங்களப் பிரெயில் அவளுக்கு நன்றாக வரும். விடுதியில் அடுத்த கட்டிலில் படுத்த சிங்களப் பிள்ளையிடம் ஆளுக்கு ஆள் மாற்றிப் படித்துக்கொண்டது. ஆனால் மொழிக்கு மொழி மாறும் ஒவ்வொரு தடவையும் அந்த நீளப் பட்டியலில் ஆபிரிக்கான்ஸிலிருந்து இறங்கிப் போக முடியாது.

அந்த மென்பொருள் பல நாட்டு ஆட்கள் சும்மா ஆர்வத்தில் சேர்ந்து எழுதுவது. அதன் உள்ளே யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நானும் கையை வைத்தேன். முதலில் எல்லா அட்டவணைகளையும் மொழிவாரியாகப் பிரித்தேன். ஒரு மொழியைத் திறந்தால் அதற்குள் அதன் வகைகள்: முழு எழுத்து, சுருக்கெழுத்து, கணினிக் குறியீடு. இரண்டு தமிழையும் ஒன்றாக்கி, நாட்டுப் பெயரை எடுத்துவிட்டு 'தமிழ்' என்றே வைத்தேன். ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதினேன். தமிழ் தமிழில், சிங்களம் சிங்களத்தில். கண்ணுக்குப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பெருமையோடு அவளிடம் கொடுத்தேன்.

அவள் விரலை வைத்துப் பட்டியலில் மேலும் கீழும் போய்ப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"திரும்பவும் ஜெயில் நம்பர்தாங்க வருது."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பட்டியலில் உள்ள பெயர்களும் எழுத்துகள்தானே. அவையும் அந்த நேரத்தில் எந்த அட்டவணை ஓடுகிறதோ அதன் வழியாகத்தான் விரலுக்கு வரும். ஆங்கில அட்டவணையில் நின்றுகொண்டு 'தமிழ்' என்ற சொல்லைத் தொட்டால், அந்த அட்டவணைக்குத் தமிழ் தெரியாது. தமிழுக்கு மாற வேண்டும் என்று வந்தவளுக்குத் தமிழ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

"சாவிய வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க" என்றாள்.

சிரிப்பு வந்தாலும் எனக்கு உள்ளுக்குள் வலித்தது. எல்லாப் பெயர்களையும் திரும்ப ஆங்கிலத்துக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழ் மட்டும் படித்த பிள்ளை ஒன்று இதைத் தொட்டால் அது என்ன செய்யும் என்று கேட்டாள். தேத்தண்ணி ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி யோசனை சொன்னோம். வழி அவள் கேட்ட ஒரு கேள்வியில் இருந்தது. பெயரின் மேல் வந்து நிற்கும்போது அந்த ஒரு பெயரை மட்டும் அதன் சொந்த அட்டவணையில் காட்ட முடியாதா என்று கேட்டாள். முடியும். 'தமிழ்' என்ற சொல்லின் மேல் வந்தால் தமிழ்ப் புள்ளி, சிங்களத்தின் மேல் வந்தால் சிங்களப் புள்ளி. பக்கத்திலேயே ஆங்கிலப் பெயரையும் வைத்து, அதன் முதல் எழுத்தைத் தட்டினால் அந்த இடத்துக்குத் தாவுகிற மாதிரியும் செய்தேன். அதை எழுதி முடிக்கச் சில நாட்கள் கம்பெனி வேலையெல்லாம் பின்னால் தள்ளிப் போயிற்று.

அடுத்த சண்டை மொழி மாற்றுவதைப் பற்றி. எழுத்தைப் பார்த்ததும் மென்பொருளே தானாக மாறிக்கொள்ளட்டும் என்பது என் யோசனை. செய்தும் காட்டினேன். தமிழ் வரிக்கு நடுவில் ஒரு ஆங்கிலச் சொல் வந்தால் பெட்டி ஆங்கிலத்துக்குப் போகும், அடுத்த சொல்லில் தமிழுக்கு வரும். எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது. அவளுக்கு ஒவ்வொரு சொல்லிலும் விரல் தடுக்கியது. தனக்குக் கீபோர்டில் மொழிக்கு ஒன்றாக மூன்று சாவி போதும் என்றாள்: தமிழ் முழு எழுத்து, சிங்களம் முழு எழுத்து, ஆங்கிலம் சுருக்கெழுத்து. நான் விடாமல் என் கெட்டித்தனத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"சேர், வாசிக்கப் போறது நானு. நான் எந்த மொழியில நிக்கிறேன்னு எனக்குத் தெரியணும்."

'சேர்' வந்துவிட்டதால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று சாவி வைத்துக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் நான் சமையலறையிலிருந்து சிங்களத்திலும் தமிழிலும் கண்டபடி முடிவுகளைத் தட்டி அனுப்ப, அவள் முன்னறையிலிருந்து அறிவித்துப் பழகினாள். வழுக்குமரத்தில் எங்கள் வீட்டுப் பூனை முதலாமிடம் பெற்றதையும் உரத்த குரலில் அறிவித்தாள்.

விழாவன்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டோம். நான் பெட்டியையும் லெப்டொப்பையும் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் அணைத்துப் பிடித்தேன். மைதானத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். நடுவர் மேசையில் இரண்டு பேர் ஃபோனோடு உட்கார்ந்தார்கள். தமிழில் அனுப்ப என் மச்சினிச்சியின் சிநேகிதி, சிங்களத்தில் அனுப்ப பஜார் முன்பள்ளியில் படிப்பிக்கும் ஒரு சிங்களப் பெண், எல்லோருக்கும் 'நோனா'.

முதல் முடிவு தமிழில் வந்தது. அவள் இடது கை பெட்டியில், வலது கையில் மைக். விரல் ஓட ஓட வாய் சொல்லிக்கொண்டே போனது. பணிஸ் சாப்பிடும் போட்டியில் வென்ற பையனின் பெயரை அவள் சொன்னபோது அவன் வாயில் இன்னும் பணிஸ் இருந்தது. அடுத்தது சிங்களத்தில் வந்தது. அவள் சாவியை மாற்றி, சிங்களத்தில் வாசித்து, அதையே தமிழிலும் சொன்னாள். கொட்டகைக்கு வெளியே நின்ற ஆட்கள் கிட்ட வந்து அவள் விரலையே பார்த்தார்கள். எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மனைவிக்குப் பக்கத்தில் வேலையில்லாமல் நிற்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

யானைக்குக் கண் வைக்கும் போட்டியில்தான் அவள் மைதானத்தை உலுக்கிவிட்டாள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்து போய், பலகையில் வரைந்த யானைக்குக் கண் வைக்க வேண்டும். ஒருத்தர் நேராக வேலிப் பக்கம் போனார். இன்னொருத்தர் பயந்து நின்ற இடத்திலேயே காலைத் தேய்த்தார். நான் காதில் சொன்னதைக் கேட்டுவிட்டு இவள் மைக்கில், "பயப்படாம நடங்க, ஒண்ணும் ஆகாது. நான் இவ்வளவு வருஷமா நடக்கிறேன், நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். தொட்டில் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் சிரித்தார்கள்.

பின்னேரம் மழை வந்தது. ஏப்ரல் மழை அங்கே அப்படித்தான், சொல்லாமல் வந்து கொட்டும். தகரத்தில் ஓட்டை. புள்ளிகள் எழும்பும் துளைகளில் தண்ணீர் போனால் பெட்டி செத்துவிடும் என்று நான் குடையை விரித்துப் பெட்டிக்குப் பிடித்தேன். டீச்சர் நனைந்தாள். அவள் பெட்டியைத்தான் பார்க்கச் சொன்னாள்.

அந்த மழைக்குள்ளேயே பெண்கள் கயிறிழுத்தல் இறுதிச் சுற்று நடந்தது. ஒரு பக்கம் மேல் டிவிசன், அதன் தலைவி என் மச்சினிச்சி. மறுபக்கம் பஜார்க் குழு, கடைகளில் வேலை செய்கிற பெண்கள். ஆளுக்கு ஒரு தடவை இழுத்து வென்றாகிவிட்டது. மூன்றாவது இழுப்பில் நிலம் முழுக்கச் சேறு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சறுக்கி, கயிற்றோடு ஒருத்தர் மேல் ஒருத்தராக விழுந்தார்கள். யார் கோட்டைத் தாண்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. இரு பக்கத்து ஆட்களும் தாங்கள்தான் என்று கத்தினார்கள். நடுவர்கள் குடைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூடிப் பேசினார்கள். பிறகு அந்த நோனா ஃபோனை எடுத்துத் தட்டுவது தெரிந்தது.

எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். என் மனைவி சிங்களச் சாவிக்கு விரலைக் கொண்டு போனாள். நானும் எட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று குனிந்தேன். குடைக்கம்பி ஒரு பக்கம் சரிய, அதைப் பிடிக்கப் போன என் முழங்கை கீபோர்டில் நன்றாக அழுந்தியது.

அவள் விரல் ஓடி, நின்றது. திரும்ப ஓடி, நின்றது. மூன்று சாவியையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். எதுவும் நடக்கவில்லை. என் முழங்கை எதை அழுத்தியதோ, அந்தச் சாவிகளே வேலை செய்யாமல் போய், பெட்டி எந்த மொழியிலோ போய் உட்கார்ந்திருந்தது. நான் லெப்டொப்பை இழுக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மைக்கை எடுத்தாள்.

"ரிசல்ட் வந்திருச்சு. ஆனா எங்க வீட்டுக்காரரு முழங்கை பட்டு, அது இப்ப எந்த நாட்டுலயோ இருக்கு. இந்தா கூட்டிக்கிட்டு வந்திர்றேன்."

சிங்களத்திலும் சொல்லி, "டிக்கக் இன்ன" என்று பொறுக்கச் சொன்னாள். கத்திக்கொண்டிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் அவசரப்படவில்லை. முழுப் பட்டியலைத் திறந்து, சிங்களத்தின் ஆங்கில முதல் எழுத்தைத் தட்டினாள். அம்புக்குறியால் இறங்கினாள். ஒரு பெயரில் விரலை வைத்துத் தலையாட்டினாள், அது இல்லை. அடுத்ததில் வைத்ததும் முகம் தெளிந்தது. சிங்களம் என்ற சொல் சிங்களப் புள்ளியிலேயே விரலுக்கு வந்திருக்க வேண்டும். அதைத் திறந்து, முழு எழுத்து, என்டர்.

செய்தியை வாசித்தாள். எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம் உதட்டைக் கடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

முதலில் சிங்களத்தில் அறிவித்தாள், பிறகு தமிழில். பஜார்க் குழு வென்றது. குரலில் ஒரு சின்ன இறக்கம்கூட இல்லை. மேல் டிவிசன் கடைசிவரை விடாமல் இழுத்ததையும், சேற்றில் விழுந்தபோதுகூட கயிற்றை விடாததையும் சொல்லி, அவர்களுக்கும் கைதட்டக் கேட்டாள். பஜார்ப் பெண்கள் குதித்தார்கள், குதித்ததில் இரண்டு பேர் மறுபடியும் விழுந்தார்கள்.

என் மச்சினிச்சி தலையிலிருந்து கால் வரை சேறாக நேராகக் கொட்டகைக்கு வந்தாள்.

"அக்கா, நீ சரியா வாசிச்சியா?"

"சரியாத்தான் வாசிச்சேன். நீயே தொட்டுப் பாரு."

தங்கச்சி கையை நீட்ட, என் மனைவி அவசரமாகப் பெட்டியை மறைத்துக்கொண்டு, முதலில் கையைத் துடைக்கச் சொன்னாள். துடைக்கக் கிடைத்தது என்னுடைய ஜெக்கட்தான். துடைத்துவிட்டு ஒரு விரலைப் புள்ளிகளின் மேல் வைத்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் விளங்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். அக்கா அடுத்த வரிக்குப் போகும் பொத்தானை அழுத்த, புள்ளிகள் விரலுக்கடியில் எழும்பி மாறின.

"ஐயோ, கூசுது" என்று கையை எடுத்துக்கொண்டு சிரித்தாள். தோற்றதை அதோடு மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் இறுதிச் சுற்றை வைக்க வேண்டும் என்று நடுவர் மேசைக்குப் போய்ச் சண்டை பிடித்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நோர்வூட் வரைக்கும் என் மனைவி எனக்கு வேலை சொல்லிக்கொண்டே வந்தாள். முழங்கை பட்டால் மாறாத மாதிரி ஒரு பூட்டு வேண்டும். குடை பிடிக்க வேறு ஆள் வேண்டும். அதற்குப் பிறகு தூங்கிவிட்டாள்.

பூட்டையும் போட்டு, மொழிவாரிப் பட்டியலையும் சேர்த்து, அந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் ஆளுக்கொரு நாட்டிலிருந்து கேள்வி கேட்டார்கள். ஒரே மொழிக்கு இரண்டு எழுத்துமுறை இருந்தால் என்ன செய்வது, பெயரே இல்லாத பழைய அட்டவணைகளை எங்கே போடுவது என்று. பெரும்பாலான கேள்விகளுக்கு என் மனைவிதான் பதில் சொன்னாள், நான் தட்டினேன். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரோ ஒருத்தர், தன் மொழியின் பெயர் தன் எழுத்திலேயே விரலில் பட்டது என்று ஒற்றை வரி எழுதியிருந்தார். அதை அவளுக்கு வாசித்துக் காட்டப் போனேன். குரல் வேண்டாம், பெட்டிக்கு அனுப்புங்க என்று சொல்லி, தானே விரலால் வாசித்தாள். இரண்டு தடவை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஜன்னலோரத்துக் கதிரையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதைப் புத்தகம் வாசிக்கிறாள். போன வாரம் மத்தியானத்துக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டேன். அவள் விரல் புள்ளிகளில் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடியும் கேட்டேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க. இங்க கல்யாணம் நிக்கப் போகுது" என்றாள், விரலை எடுக்காமலே. நான் போய் அரிசியைக் களைந்து போட்டேன்.